பழசெல்லாம் அவருக்கு

கண்ணாடிக் கடையில் அவளுக்கு அப்டேட் அக்கா என்று பெயர். முதலாளியிலிருந்து கண் பரிசோதிக்கிற பெண் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் இருந்த சொந்தப் பெயர் அவளுக்கே சில சமயம் யாரோ மூன்றாம் மனுஷியுடையது போலத் தோன்றும்.

கடையின் பின்னறையில் லென்ஸ் செதுக்குவது அவள் வேலை. கண்மணிக்கு நேரே வரவேண்டிய இடத்தில் ஒரு பொட்டு வைத்து, லென்ஸை இயந்திரத்தில் மாட்டி, பிரேமின் அளவுக்கு ஓரத்தைத் தேய்த்து எடுப்பாள். பிரேமைச் சூட்டில் இளக்கி உள்ளே தள்ளினால் லென்ஸ் டக்கென்று உட்கார்ந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலைதான். அதனாலோ என்னவோ, சிறிய திருகாணி, மெல்லிய விளிம்பு, இடைவெளியில்லாமல் மூடிக்கொள்ளும் மூடி என்றாலே அவளுக்கு ஒரு கிறுக்கு. புதிய போன் வெளிவருகிறது என்றால் அவளுக்குத்தான் முதலில் தெரியும். காதுக்குள் வைக்கிற ஹெட்போன், தானாகத் தரை கூட்டுகிற வட்டப் பெட்டி, எடை பார்த்துவிட்டு அதை உரக்கச் சொல்லும் தராசு என்று எதைப் பற்றிக் கேட்டாலும் நின்ற இடத்திலேயே பதில் வரும். கடைக்கு மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவர்கள் போன் செட்டிங்கைச் சரிசெய்துகொண்டு போன கதையெல்லாம் உண்டு.

அவள் கணவர் ஒரு பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். குடுவை கழுவுவதும் பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டுவதும் பிள்ளைகள் கையைச் சுட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும்தான் அவர் பொறுப்பு. அவருக்குத் தனக்கென்று எந்தக் கருவியும் வேண்டியிருந்ததில்லை. அவள் புதிதாக ஒன்று வாங்கினால் அதுவரை அவளிடம் இருந்தது அவர் கைக்குப் போகும். "நம்ம வீட்ல உங்கம்மா அட்வான்ஸ் பார்ட்டி, நான் அரியர்ஸ் பார்ட்டி" என்று மகளிடம் போனில் சொல்லிச் சிரிப்பார். மகள் ஒரு நாள் பயணத் தூரத்தில் இன்னொரு ஊரில் வேலை பார்த்தாள்.

ஆனால் பெட்டி பிரிக்கும்போது மட்டும் அவர் எதிரே உட்கார்ந்தாக வேண்டும். திரைமேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளை உரிக்கிற உரிமை அவருடையது. கிழியாமல் ஒரே இழுப்பில் உரித்துவிட்டு, பெரிய ஆபரேஷன் முடித்த டாக்டரைப் போலக் கையைத் தூக்கிக் காட்டுவார். பிறகு அவள் ஒரு மணி நேரம் விளக்குவாள். அவர் "ஓகோ", "அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருப்பார். பாதி புரிந்ததா என்பதுகூடச் சந்தேகம்தான்.

அப்படித்தான் அவளுடைய பழைய கைக்கடிகாரம் அவர் மணிக்கட்டுக்கு வந்தது. நடந்த தூரம், தூங்கிய நேரம், இதயத் துடிப்பு எல்லாம் சொல்கிற கடிகாரம். அவர் மெலிந்த கைக்காக வாரில் அவளே இன்னொரு ஓட்டை போட்டாள். அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தவர் கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

"இதப் பாரு, உன் வாட்ச் எனக்கு மெமோ குடுத்திருக்கு."

திரையில், 'இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை காணப்படுகிறது. மருத்துவரை அணுகவும்' என்று இருந்தது.

"ஒழுங்கின்மையாம்! ஹெட்மாஸ்டர்கூட என்னை இப்படிச் சொன்னதில்ல" என்றார்.

அவளும் சிரித்தாள். கடிகாரத்தைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். கண்ணாடியில் நரம்பு போலக் கீறல்கள். "நாளெல்லாம் தண்ணியிலயும் ஆசிட்லயும் கைய விடுறீங்க. சென்சார் தேஞ்சு போச்சுங்க. வார் வேற லூசா இருக்கு." துடைத்துவிட்டு இறுக்கிக் கட்டினாள்.

நாலு நாள் கழித்து மறுபடியும் வந்தது. அடுத்த வாரம் இன்னொரு தடவை. அந்த மூன்றாவது தடவை அவர் சிரிக்கவில்லை. "ஒரு எட்டு டாக்டரைப் பார்த்துட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டார்.

"இருங்க." அவள் தன் புதுக் கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் மாட்டினாள். இருவரும் சோபாவில் அசையாமல் உட்கார்ந்து திரையையே பார்த்தார்கள். இரண்டு நிமிஷம். பச்சை நிறத்தில் எண் வந்தது. எச்சரிக்கை எதுவும் இல்லை.

"பார்த்தீங்களா? புதுசு ஒண்ணும் சொல்லல. கோளாறு உங்ககிட்ட இல்ல, வாட்ச்ல. இதுக்குப் போய் அரை நாள் லீவு போட்டு ஆஸ்பத்திரி பெஞ்ச்ல உக்காரணுமா? இனிமே வந்தா தள்ளி விட்டுடுங்க. இன்னும் ரெண்டு மாசத்துல புது மாடல் வருது. நான் அதை வாங்கிக்கிறேன், இதை நீங்க கட்டிக்குங்க."

"சரி, நீ சொன்னா சரிதான்" என்றார் அவர். முகம் தெளிந்துவிட்டது. எழுந்து போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.

அதன்பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. புது மாடலைப் பற்றித் தினமும் ஏதாவது செய்தி வந்துகொண்டிருந்தது. வார் எந்த நிறத்தில் எடுக்கலாம் என்று இரண்டு பேரும் ஒரு சாயங்காலம் முழுக்க வழக்காடினார்கள்.

ஆறு வாரம் போயிருக்கும். ஒரு புதன்கிழமை மதியம், கடைசி வகுப்புக்கு முன்னால், அவர் ஆய்வுக்கூடத்துத் தொட்டியில் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாய்கள் உடைகிற சத்தம் கேட்டு வேதியியல் ஆசிரியை ஓடிவந்து பார்த்தபோது அவர் தரையில் கிடந்தார். தண்ணீர்க் குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது.

செய்தி வந்தபோது அவள் ஒரு சின்னக் குழந்தையின் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தாள். இயந்திரத்தை நிறுத்தக்கூடத் தோன்றவில்லை. முதலாளிதான் வந்து நிறுத்தினார். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதயம் தாறுமாறாகத் துடித்ததில் உள்ளே இரத்தம் கட்டி, அது மூளைக்குப் போய் அடைத்துவிட்டது என்றார் டாக்டர்.

"இதுக்கு முன்னாடி ஏதாவது தெரிஞ்சுதாம்மா? படபடப்பு, மயக்கம், எதாவது?"



"இல்ல டாக்டர். ஒண்ணும் இல்ல."

அந்தப் பொய்யை அவள் யோசித்துச் சொல்லவில்லை. அதுவாக வாயில் வந்து விழுந்தது. விழுந்தபிறகு அதை எடுத்துப் போட வழி தெரியவில்லை. மறுநாள் மதியம் மகள் வந்து சேர்ந்தாள். கட்டிக்கொண்டு, "அப்பா ஒரு வார்த்தைகூடச் சொல்லாமப் போயிட்டாரேம்மா" என்று கதறினாள். அவள் மகளின் முதுகைத் தடவிக்கொடுத்தாளே தவிர வாய் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் உறையில் அவருடைய மூக்குக்கண்ணாடியும் சாவிக்கொத்தும் கடிகாரமும் இருந்தன. பத்து நாள் அதை அலமாரியில் வைத்துப் பூட்டியே இருந்தாள். பதினோராம் நாள் மதியம், மகள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, கடிகாரத்தை எடுத்துச் சார்ஜ் போட்டாள். எங்கே போய் எதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடிகாரம் இன்னும் அவள் போனோடுதான் இணைந்திருந்தது, தகவல் எல்லாம் அதற்கே வந்து சேர்ந்திருந்தது. இத்தனை நாளும் அவள்தான் திறந்து பார்க்கவில்லை.

அவருக்கு வந்த எச்சரிக்கைகள் மொத்தம் பதினேழு. மூன்றுதான் அவளுக்குத் தெரியும். மீதிப் பதினாலிலும், நேரத்துக்குப் பக்கத்தில், 'தவிர்க்கப்பட்டது' என்று இருந்தது. காலை ஏழு பத்து, தவிர்க்கப்பட்டது. மதியம் பன்னிரண்டு நாற்பது, தவிர்க்கப்பட்டது. அவள் சொல்லிக்கொடுத்தபடியே ஒவ்வொன்றையும் விரலால் தள்ளிவிட்டிருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து இருபது என்று ஒன்று இருந்தது. அந்த நேரம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. தரை கூட்டுகிற பெட்டியின் அடியில் முடி சிக்கிக்கொண்டு அதைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் மண்டியிட்டு டார்ச் பிடித்திருந்தார். வெளிச்சம் ஒரு கணம் ஆடியது. "ஒழுங்காப் பிடிங்களேன்" என்று அதட்டினாள். "பிடிச்சுட்டேன், பிடிச்சுட்டேன்" என்றார் அவர்.

அவள் போனைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

தவறாகச் சொன்னது மட்டும் அவளை அறுக்கவில்லை. தப்பு யாருக்கும் வரும். ஆனால் 'சென்சார் தேஞ்சு போச்சு' என்று சொன்ன அந்தக் கணத்தில் உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் துள்ளியது அவளுக்கு மறக்கவில்லை. புது மாடல் வாங்க ஒரு சாக்கு கிடைத்த சந்தோஷம். அதை யாரிடம் சொல்வது? எப்படிச் சொல்வது?

சாயங்காலம் மகள் எழுந்து வந்ததும் சொல்லிவிட்டாள். சுற்றி வளைக்காமல், சாக்கு என்று நினைத்ததையும் சேர்த்து, ஒன்று விடாமல் சொன்னாள்.



"நீ என்ன டாக்டரா?" என்றாள் மகள். குரல் கிசுகிசுப்பாக வந்தது. "நாலு மெஷினைப் பிரிச்சுப் பூட்டத் தெரிஞ்சா மனுஷனையும் பார்த்துச் சொல்லிடுவியா? அவரே டாக்டர்கிட்டப் போறேன்னு கேட்டாராம், நீ வேணாம்னியாம்!"

"ஆமா."

"ஆமாவா?"

"ஆமா கண்ணு. நான்தான் வேணாம்னேன்."

மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு அவள் நகர்ந்துபோவாள். பிறகு மகள் வந்து சாப்பிடுவாள். ஆய்வுக்கூடத்திலிருந்து அவருடைய வெள்ளைக் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்த ஆசிரியையிடம் மட்டும் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். ஆசிரியை கிளம்பியதும் ஆளுக்கொரு பக்கம் எழுந்துபோனார்கள்.

அந்த இரண்டு நாளில் அவள் டாக்டரைப் போய்ப் பார்த்தாள். வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும், அன்று தான் சொன்னது பொய் என்றாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"வந்திருந்தா ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை குடுத்திருப்போம். அதனால பிழைச்சிருப்பாரான்னு கேட்டா, இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உங்க மனசு ஆறணும்னு நான் எதையும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா."

அவள் கும்பிட்டுவிட்டு எழுந்தாள். டாக்டர் பொய்யாக ஆறுதல் சொல்லாததே அவளுக்குப் பெரிய உபகாரமாகத் தெரிந்தது.

மகள் கிளம்புகிற நாள் வந்தது. பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, வண்டி வர இன்னும் கால் மணி இருந்ததால், செருப்போடு சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். 

"அம்மா, அப்பா எனக்கும் சொன்னாரும்மா."

"என்ன?"

"வாட்ச் சொன்னதை. போன்ல. 'உன் அம்மா இது ரிப்பேர்ங்கறா, நீ என்ன சொல்ற?'ன்னு கேட்டார். நான் அப்போ ஆபீஸ்ல எதையோ டைப் பண்ணிக்கிட்டிருந்தேன். 'அம்மா சொன்னா கரெக்டாத்தான்ப்பா இருக்கும்'னு சொல்லி வெச்சுட்டேன்." உதடு கோணியது. "உன்கிட்ட கேட்டும் மனசு ஆறாம என்கிட்டயும் வந்து கேட்டிருக்கார். அப்படின்னா அவருக்குள்ள பயம் இருந்திருக்கு. எனக்கு அதுகூடத் தெரியல. அன்னிக்கு உன்னைப் பேசினதெல்லாம் என்னையே பேசிக்கிட்டதும்மா."

அவள் போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அழுது முடிக்கும்வரை வாசலில் வண்டிக்காரர் ஒலிப்பானை அடித்துக்கொண்டே இருந்தார். யாரும் யாரையும் மன்னித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

அவள் வேலைக்குத் திரும்பினாள். அப்டேட் அக்கா என்று கூப்பிட வந்தவர்களெல்லாம் பாதியில் நிறுத்தி, வெறும் அக்கா என்றார்கள். புது மாடல் வெளிவந்தது. தெருமுனைக் கடைக் கண்ணாடியில் ஆள் உயரத்துக்குப் படம் ஒட்டினார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தாள். கையில் கடிகாரமே கட்டுவதில்லை. போன் கீழே விழுந்து திரை விரிசல் விட்டது, அதையும் மாற்றவில்லை. எழுத்துகள் விரிசலுக்குக் குறுக்கே உடைந்து தெரிந்தன. அப்படியே படித்துப் பழகிக்கொண்டாள்.

மகள் தினமும் சாயங்காலம் பேசினாள். சாப்பிட்டாயா, மழை பெய்ததா என்பதற்குமேல் பேச்சு ஓடாது. எட்டு மாதம் கழித்து ஒரு நாள்,

"அம்மா, என் போன் படுத்துடுச்சு. புதுசு வாங்கணும். எதை வாங்கலாம்?" என்றாள்.

"கடையில கேளு கண்ணு. அவங்களுக்குத் தெரியும்."

"நான் உன்னைக் கேட்டேன்."

"எனக்கு இப்பல்லாம் ஒண்ணும் தெரியாதும்மா. நான் சொல்லி..."

மறுமுனையில் மகள் அவசரப்படவில்லை. பின்னால் தெருவில் வண்டிகள் போகிற சத்தம் கேட்டது.

"நீ சொல்லும்மா," என்றாள் மகள். "நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவள் விரிசல் விட்ட போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "உனக்குப் போட்டோ முக்கியமா, பேட்டரி முக்கியமா? அதைச் சொல்லு முதல்ல" என்றாள்.