காலிக்குடம், ஒன்பதாம் இதழ்

முப்பத்தேழு வருடமாகக் காணாமல் போயிருந்த வால்வுக்காரர், அச்சகத்தில் பேப்பர் வெட்டும் கட்டிங்காரரின் வீட்டுப் பரணில், ஒரு தகரப் பெட்டிக்குள், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். அகப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு. அச்சகத்தில் வயதுக்குச் சான்று கேட்டதால் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டைத் தேடிய கட்டிங்காரர், பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒன்பது கையெழுத்துப் புத்தகங்களைக் கண்டார். சின்ன வயதில் செய்த படக்கதைகள். ஒவ்வொன்றாகப் புரட்டிச் சிரித்துக்கொண்டு வந்தவருக்குக் கடைசிப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் ஈரமாகத் தட்டுப்பட்டது. மூக்கில் வைத்துப் பார்த்தார். வியர்வை நாற்றம். தான் கருப்பு மீசையோடு வரைந்த ஆளுக்குத் தாடி வளர்ந்து நரைத்திருந்தது.

அந்தப் புத்தகங்களைச் செய்தபோது அவருக்குப் பத்து வயது, அவருடைய அக்காவுக்குப் பதிமூன்று. பழைய காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தை மடித்து, வெட்டி, ஊசி நூலால் தைத்து, 'காலிக்குடம்' என்று பெயர் போட்டு, இதழுக்கு ஒரே ஒரு பிரதி. தெருப் பிள்ளைகள் படித்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும். எச்சில் தொட்டுப் புரட்டியவனுக்கு அடுத்த இதழ் கிடையாது. தம்பி படம் போடுவான், அக்கா எழுத்து எழுதுவாள். ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைக்கக்கூடாது. மை போட்டதை அழிக்கக்கூடாது. இரண்டு பேரும் சம்மதிக்காமல் ஒரு பக்கமும் முடியக்கூடாது. பெரிய மனிதர்கள் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு மீறுகிற ஒப்பந்தங்களைவிட இது ஒழுங்காக நடந்தது. கதையில் கெட்டவன் வால்வுக்காரர். தெருமுனைக் குழிக்குள் இருந்த வால்வை நீளமான இரும்புச் சாவியால் திருகித் தண்ணீர் விடுகிற நிஜ ஆள்தான். ஒருநாள் இவர்களுடைய அம்மா தலை நிறையச் சோப்பு நுரையோடு நிற்கும்போது தண்ணீரை நிறுத்திவிட்டார். சண்டைக்குப் போன அம்மாவிடம், "நேரம் முடிஞ்சு போச்சும்மா, நுரையை வெயில்ல காய வைங்க" என்றார். தெருவே சிரித்தது. அன்றிலிருந்து படக்கதையில் அவர் ஊர்த் தண்ணீரை மொத்தமும் குடித்துத் தீர்க்கும் தொந்திக்காரன் ஆனார்.

ஒன்பதாம் இதழின் கடைசிப் பக்கத்தில் அவர் ஊரின் உயரமான பெரிய தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி, வழுக்கி, விளிம்பில் தொங்கினார். பத்தாம் இதழில் காப்பாற்ற வேண்டும் என்றாள் அக்கா. விழட்டும் என்றான் தம்பி. அவருக்குப் பொண்டாட்டி இருக்குடா என்று அவள் சொல்ல, அம்மாவுக்குத் தலையில் நுரை இருந்ததே என்று அவன் சொல்ல, மைப்புட்டி உடைந்தது, பத்தாம் இதழ் வரவேயில்லை. அதே நாள் சாயங்காலம் நிஜ வால்வுக்காரரைக் காணோம். தொட்டிக்குக் கீழே அவருடைய சைக்கிளும் இரும்புச் சாவியும் கிடந்தன. தொட்டியை இறைத்துப் பார்த்தார்கள், கிணறுகளில் கொக்கி போட்டுப் பார்த்தார்கள். அப்புறம் தேடுவது அலுத்துப்போய், யாரோ ஒருத்தியோடு ஓடிவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். பஸ்ஸில் இருவரையும் பார்த்ததாக ஒருவன் சொன்னான், அவள் கட்டியிருந்தது நீலப் புடவை. இன்னொருவனும் பார்த்தான், பச்சைப் புடவை. தெரு இரண்டையும் நம்பியது.

அவருடைய மனைவி தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. ஓடிப்போன ஆளுக்குச் சாவுச் சான்றிதழ் தர முடியாது என்றது ஆபீஸ். ஓடிப்போனதற்குச் சான்று கேட்டபோது அதுவும் இல்லை என்றது. அளவு கொடுக்க வருகிற பெண்கள் கையைத் தூக்கி நின்றபடியே, "கடுதாசி ஏதும் வந்துச்சா?" என்று கேட்பார்கள், கேட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "அவரு ஓடமாட்டாரு. அவருக்கு இந்த நாலு தெருவை விட்டா வழியே தெரியாது" என்பாள் தையல்காரம்மா. முப்பத்தேழு வருடம் இந்த ஒரே பதில். இப்போது கண் மங்கி, ஊசியில் நூல் கோக்க ஆள் கூப்பிடுகிற நிலைமை. கட்டிங்காரர் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த மிஷின் தெரியும். செவ்வாய்க்கிழமை காலையிலும் தெரிந்தது.

பத்து விரல்களையும் தனித்தனியாக வரைந்தது கட்டிங்காரருக்கு நன்றாக நினைவிருந்தது. விளிம்பில் இப்போது நான்குதான் பிடித்திருந்தன. அவர் எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒன்று நழுவியது. பென்சிலை எடுத்தார். அவருடைய வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கட்டிங் மிஷினோடு போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே பென்சிலை இடுக்கி ஒரு கயிறு போட்டார். போட்ட கோடு தண்ணீர் மாதிரி வழிந்து தாளின் அடியில் தேங்கியது. ஏணி போட்டார், அதுவும் வழிந்தது. மூன்று பென்சில் உடைந்தபின், அம்மா செத்ததிலிருந்து பேசாத அக்காவுக்குப் போன் போட்டார்.

"என்னடா, அம்மா பாத்திரத்துல இன்னும் பங்கு வேணுமா?"

"அக்கா, வால்வுக்காரர் தொங்கறாரு."



"இன்னுமா?" என்றாள் அக்கா. "நான் வர்ற வரைக்கும் பக்கத்தைத் தொடாதே. உன் கையைப் பத்தி எனக்குத் தெரியும்."

பஸ் பிடித்து அவள் வந்து சேர்ந்தபோது மணி இரண்டரை, விரல் இரண்டு. செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்தைப் பார்த்தாள். "விழட்டும்னு சொன்னது நீதானே? இப்ப சந்தோஷமா?" என்றாள். எனக்கு அப்போ பத்து வயசுக்கா என்றார் அவர். "இப்ப நாப்பத்தேழு. அதே திருட்டு முழி" என்று சொல்லிப் பேனாவைத் திறந்தாள். அவளுடைய எழுத்து வழியவில்லை. 'விட்டுடாதீங்க' என்று எழுதிச் சுற்றிப் பேச்சு வளையம் போட்டாள். படத்திலிருந்தவர் கழுத்தைத் திருப்பிப் படித்தார். மெள்ள அவர் வாய்க்குப் பக்கத்திலும் ஒரு வளையம் மங்கலாக ஊறி வந்தது. 'யாரு?' என்றிருந்தது. தாங்கள் யார் என்று அவள் எழுதினாள். 'சோப்பு நுரை அம்மா பிள்ளைங்களா?' என்று வந்தது. பிறகு, 'உங்க தெருவுக்கு இன்னும் அரை மணி கூடுதலா விடலாமான்னு தண்ணி மட்டம் பாக்கத்தான் ஏறினேன். வால்வு திறந்தே கிடக்கா?' என்று வந்தது.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இன்னொரு விரல் நழுவியது.

மிச்சம் ஒன்று. கட்டிங்காரர் இல்லாத விரல்களின் மேட்டை மேஜையில் ஓங்கி ஓங்கி அடித்தார். அடித்த வேகத்தில் தாள் நடுவில் லேசாக வளைந்து எழும்பியது, தொங்கியவரின் காலுக்கும் கீழே வரைந்திருந்த தரைக்கும் இடைவெளி ஒரு மயிரிழை குறைந்தது. அவர் கை நின்றுவிட்டது. இருபத்தாறு வருடமாகத் தாள் மடிக்கிற, வெட்டுகிற ஆள். காலுக்கும் தரைக்கும் நடுவே இருந்தது நாலு அங்குல வெறும் வெள்ளை. அதை உள்ளே மடித்துவிட்டால் தரை காலடிக்கு வந்துவிடும். "வரையத்தானே விரல் வேணும், மடிக்க எதுக்கு?" என்றார்.

"மை போட்டதை அழிக்கக்கூடாதுடா."

"மடிக்கறது அழிக்கறதில்லையே. சம்மதமா?"

"சம்மதம்டா, சம்மதம். மடிடா நாயே, விரல் போகுது!"

'கீழ பாக்காம கையை விடுங்க' என்று அவள் எழுத, அவர் மடித்தார். சாதாரணமாக நூல் பிசகாத கை, அன்றைக்குப் பிசகிவிட்டது. மடிப்பு அரை விரற்கடை மேலே ஏறி, வால்வுக்காரரின் இரண்டு முழங்காலுக்கும் குறுக்கே விழுந்தது. நகத்தால் நீவிவிட்டுப் பார்த்தபோது பக்கத்தில் தொட்டியும் தரையும் மட்டும் இருந்தன.

நாலு மணிக்கு வால்வுக்காரர் தொட்டியடியில் நின்று சைக்கிளைத் தேடினார். எதிரே நின்று பார்த்தால் நரைத்த தாடியோடு முழு ஆள். பக்கவாட்டில் காலண்டர் தாள் கனம்தான். மடிந்த காலோடு வழி பிசகாமல் வீட்டுக்குப் போனார். கண் மங்கிய தையல்காரம்மா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துத் தோளை அளந்தாள், சரியாக இருந்தது. மார்பைச் சுற்றி அளக்கப்போனாள், டேப்பில் ஒன்றும் நிற்கவில்லை.

"எங்க போனீங்க?"

"தொட்டிக்கு."

அவள் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்து, "தொட்டிக்குத்தான் போயிருக்காரு" என்றாள். இரண்டு தடவை சொன்னாள், கேட்காதவர்களுக்கும் சேர்த்து. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று தங்களுக்கு அப்போதே தெரியும் என்றார்கள் எல்லோரும். முதலில் வந்து சொன்னவன் நீலப் புடவைக்காரன்.

அக்காவும் தம்பியும் போய் நடந்ததைச் சொன்னார்கள். அந்தம்மா முழுவதும் கேட்டாள், அழவில்லை, திட்டவில்லை, ஒன்பதாம் இதழை வாங்கி மிஷின் டிராயரில் வைத்துப் பூட்டினாள். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இருவரும் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். தம்பி நான்கு வாரம் வேலைக்குப் போகவில்லை. அக்கா மாதம் ஒருமுறை வந்து அந்த வாசலில் நிற்கிறாள், இன்னும் உள்ளே கூப்பிடவில்லை.

பெரிய தொட்டி இப்போது முன்னைவிட முப்பது அடி குட்டை. இன்ஜினியர்கள் அளந்து பார்த்துப் பழைய வரைபடம் தப்பு என்று எழுதிவிட்டுப் போனார்கள். மாடி வீடுகளுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. வால்வுக்காரரின் காலில் விழுந்த மடிப்பு நிமிரவில்லை. தாளில் ஒருமுறை விழுந்தது போகாது என்பது கட்டிங்காரருக்குத் தெரியும், ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. காற்றடிக்கிற நாட்களில் தையல்காரம்மா பெரிய கத்தரிக்கோலைப் புருஷன் மடியில் வைத்துவிட்டுத்தான் மிஷினை மிதிக்கிறாள். துணி வெட்ட அது வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லுவாள். அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொள்வார், பத்து விரலாலும்.