உள்ளங்கி எடுத்துக் கொடுக்கும் உரிமை

பாரிஸ் நகரத்தில் அன்று காலை பத்திரமான இடம் என்று ஒன்று இருந்திருந்தால் அது வெர்னாய் சீமாட்டியின் உடுப்பறைதான். படுக்கையறையை ஒட்டி, சன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. பட்டும் வெல்வெட்டும் தொங்கும் அந்த இருட்டுக்குள் நுழைய ஒரே ஒருத்திக்குத்தான் உரிமை. காலையில் சீமாட்டிக்கு உள்ளங்கி எடுத்துக் கொடுக்கிறவளுக்கு. வேலைக்காரிகள் கதவைத் தொட்டால் அன்றோடு வேலை போய்விடும். சீமாட்டியே உள்ளே போனதில்லை. போனால் கௌரவக் குறைச்சல்.

இப்போதைக்கு அந்த உரிமை இசபோவுடையது. அதனால்தான் தோளில் வெட்டுக்காயத்தோடு தோட்டத்துச் சுவர் ஏறிக் குதித்து வந்த தன் கணவன் ஒலிவியேவை அவள் வேறெங்கும் கொண்டுபோகாமல், சீமாட்டி கட்டில் திரையை விலக்குவதற்கு முன்பே, நேராக அதற்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

ஊரே வெறிபிடித்துக் கிடந்தது. ராஜாவின் தங்கைக்குக் கல்யாணம் என்று ஊர் ஊராக ஆளனுப்பி, போப்பை ஏற்காத புது வேதக்காரப் பிரபுக்களையெல்லாம் வரவழைத்தார்கள். விருந்து போட்டார்கள், ஆடவிட்டார்கள். கடைசியில் கோயில் மணியை அடித்துக் கழுத்தை அறுக்கிறார்கள். சோறு போட்ட கையாலேயே கொல்வதற்குப் பெயர் பக்தியாம், தூ. தொப்பியில் வெள்ளைச் சிலுவை குத்தியிருப்பவன் தப்பித்தான், குத்தாதவன் செத்தான். இசபோ பழைய வேதத்தில் பிறந்தவள். தெரிந்தேதான் புது வேதக்காரனைக் கட்டிக்கொண்டாள். ஆனால் இப்படி ஒரு காலை வரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

ஒலிவியேவை ஒளித்துவிட்டுப் படுக்கையறைச் சன்னலண்டை வந்து பார்த்தாள். வாசலுக்கு எதிரே கிணற்றடியில் அவன் அண்ணன் செத்துக் கிடந்தார். கோமானுக்கும் மேலான மார்க்கி பட்டக்காரர், துணி கூட இல்லாமல். அந்தச் செந்தாடியை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. அவள் ஒலிவியேவிடம் வாயைத் திறக்கவில்லை. அண்ணன்தான் அவனுக்கு அப்பா மாதிரி. தெரிந்தால் அந்த நிமிஷமே வாளைக் கேட்பான்.

சீமாட்டி இப்போது எழுந்து, படுக்கையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம் உண்மையைச் சொல்லிக் காலில் விழலாமா என்று இசபோவுக்கு ஒரு யோசனை ஓடியது. எப்படி விழுவாள்? போன சண்டையில் சீமாட்டியின் கணவரைச் சுட்டுக் கொன்றவர்கள் புது வேதக்காரர்கள். அன்றிலிருந்து கட்டில் திரை கூடக் கறுப்புதான். அதனால் சட்டென்று உள்ளே போய், உள்ளங்கியை எடுத்து வந்து, மாட்டிவிட்டு, கதவைச் சாத்திவிட வேண்டும். அவ்வளவுதான்.

அவள் திரும்பிய நேரத்தில் அறைக் கதவு திறந்து பெரெனிஸ் வந்தாள். சார்ன்யே கோமானின் மனைவி. சிலுவைக்குப் பதில் புஜத்தில் வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டியிருந்தாள். அவள் கணவன்தான் இந்தத் தெருவின் வேட்டைக்குத் தலைவன்.

"கால் வைக்க இடமில்ல அம்மணி. என் செருப்பைப் பாருங்க, இனி தூக்கித்தான் போடணும்," என்றாள். "எங்க வீட்டுக்காரர் இருட்டோட போனவர், இன்னும் ஒரு வாய் கஞ்சி குடிக்கல. ஒருத்தன் தோட்டத்துப் பக்கமா தப்பிச்சிட்டானாம். வீடு வீடாத் தேடிக்கிட்டு வர்றார்."

சொல்லிக்கொண்டே கையுறையைக் கழற்ற ஆரம்பித்தாள். அந்த வீட்டு முறை அப்படி. பட்டத்தில் மேலானவள் அறைக்குள் வந்துவிட்டால் உள்ளங்கி எடுக்கும் உரிமை அவளுக்குப் போய்விடும். பாதி மாட்டியிருந்தாலும் சரி, கீழானவள் கையை எடுத்துவிட வேண்டும். இசபோவின் கணவன் இளையவன், பட்டம் இல்லாதவன். பெரெனிஸ் கோமானின் மனைவி.

"நகரு இசபோ."

"நானே எடுத்துட்டு வரேனே. நீங்க களைச்சுப் போய் வந்திருக்கீங்க."

"களைப்பா? ஏண்டி, கிழவி மாதிரியா தெரியிறேன்? என் உரிமை அது."

"இன்னைக்கு ஒரு நாள் விட்டுக்குடுங்களேன்."

"ஒரு நாள் விட்டா அப்புறம் உன் சமையல்காரி வந்து நிப்பா." பெரெனிஸ் சிரித்துக்கொண்டே உடுப்பறைப் பக்கம் நடந்தாள்.

இசபோ ஓடிப்போய்க் கதவுக்கு முன்னால் நின்றாள். முதுகு பலகையில் இடித்தது. அந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியும். ஐயோ, என்ன சொல்லி இவளை நிறுத்துவது? தலைக்குள் ஒன்றும் ஓடவில்லை. முறை, பட்டம், மேல், கீழ் என்று சின்ன வயதிலிருந்து ஊட்டி வளர்த்தது ஒன்றுதான் வாயில் வந்தது.

"உரிமை எனக்குத்தான். இப்போ நான் மார்க்கி வீட்டு அம்மா. உங்களைவிட ஒரு படி மேல."

சீமாட்டி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "என்ன சொல்றே?"

"அவர் அண்ணன் போயிட்டார் அம்மணி. கிணத்தடியில கிடக்கிறார். அவருக்குப் பிள்ளை இல்ல. பட்டம் எங்களுக்குத்தான் வரும்."

"கிணத்தடியில பத்துப் பேர் கிடக்கான், யார் யாருன்னு யார் கண்டா," என்றாள் பெரெனிஸ். "சரி, செத்தது அவர்னே வச்சுக்குவோம். உன் புருஷன் உசுரோட இருந்தாத்தானே பட்டம்? அவனும் போயிருந்தா நீ வெறும் விதவை. எனக்கு வழி விட்டுத்தான் ஆகணும்."

"அவர் சாகல," என்றாள் இசபோ.

"உனக்கு எப்படித் தெரியும்?"

அப்போதுதான் இசபோவுக்கு உறைத்தது. கதவைக் காப்பாற்றப் போய்க் கதவுக்குப் பின்னால் இருப்பவனைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். முறையிலேயே ஊறிப்போன இந்த வீட்டுப் பெண் ஒருத்திதான் இப்படி மாட்டிக்கொள்வாள். ஒரு மீன்காரியாக இருந்திருந்தால் பெரெனிஸின் கொண்டையைப் பிடித்து இழுத்துப் போட்டிருப்பாள். இசபோ பட்டத்தைச் சொல்லி வாதாடினாள்.

பெரெனிஸ் அவள் முகத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். மெதுவாகக் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாள். "நான் கொஞ்சம் கீழ போயிட்டு வரேன் அம்மணி. எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"நான் உடுத்தி முடிக்கிற வரைக்கும் யாரும் இந்த அறையை விட்டுப் போகக் கூடாது," என்றாள் சீமாட்டி. "முறை தெரியாதா உனக்கு?"

பெரெனிஸ் நின்றுவிட்டாள். இசபோ அப்படியே முழங்காலில் விழுந்தாள். அழுகைதான் வந்தது. அவளுக்கு வெட்கமாகக் கூட இல்லை.

சீமாட்டி கறுப்புத் திரையின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"என் படுக்கைக்குப் பக்கத்துல புது வேதக்காரனைக் கொண்டாந்து வச்சிருக்கே. உனக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்திதான்டி." குரல் உயரவில்லை. "கேளு. நாளைக்குக் காலையில எதிர்க் கோயில்ல எல்லார் கண்ணுக்கும் முன்னாடி அவன் முழங்கால் போட்டு, நம்ம பூசை அப்பத்தை வாயில ஏத்து நன்மை வாங்கணும். வாங்கினா அவன் என் வீட்டு ஆள், எவனும் தொட மாட்டான். பெரெனிஸ், உன் புருஷனை அதுவரைக்கும் பொறுக்கச் சொல்லு. வந்து பாக்கச் சொல்லு."

"வாங்கலேன்னா அம்மணி?"

"கோயில் படியிலேயே எடுத்துக்கச் சொல்லு." சீமாட்டி போர்வையை விலக்கினாள். "எழுந்திரு இசபோ. பட்டம் உன்னோடதுதான். போய் உள்ளங்கியைக் கொண்டா."

அது இரக்கமா, தன் அறையில் இன்னொருத்தன் அதிகாரம் செய்யக் கூடாது என்ற வீம்பா, யாருக்குத் தெரியும்? இசபோ கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஒலிவியே துணிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தான். ஒரு பாவாடையைச் சுருட்டித் தோளில் அமுக்கியிருந்தான். இருட்டில் அவன் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"எல்லாம் கேட்டேன்," என்று கிசுகிசுத்தான். "அண்ணன்… நிஜமா? இல்ல, கதவுக்காகச் சொன்னியா?"

அவளுக்குத் தெரியும். நிஜம் என்று சொன்னால் இவன் நாளைக்கு முழங்கால் போட மாட்டான். அண்ணனைக் கொன்றவர்கள் நீட்டும் அப்பத்தை வாயில் வாங்குகிறவன் இல்லை அவன். நின்றுகொண்டே சாவான். அதுவும் சந்தோஷமாகச் சாவான்.

"கதவுக்காகத்தான் சொன்னேன்," என்றாள்.

"சத்தியமா?"

"சத்தியமா. அவர் அரண்மனையில பத்திரமா இருக்கார். ராஜா கேட்டதும் பூசைக்கு வர்றேன்னு சொல்லிட்டாராம். விடியறதுக்குள்ள நன்மையும் வாங்கிட்டாராம்."

அவன் பிடி தளர்ந்தது. பிறகு அவன் உடம்பு குலுங்கியது. அவன் அழுகிறான் என்று தெரிந்தது.

"அவனா? அப்பா சாகும்போது என் கையைப் பிடிச்சு, உயிரே போனாலும் மாறக் கூடாதுன்னு சொல்ல வச்சவன் அவன்தானே. த்தூ. இனி அவன் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன் இசபோ."

"சரி."

"அவனே மண்டி போட்டுட்டான்னா நான் மட்டும் யாருக்காகச் சாகணும்? சொல்லு. வர்றேன். நாளைக்கு வர்றேன்."

அவள் அவன் தலையை ஒரு கணம் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். ரத்தம் படாத உள்ளங்கி ஒன்றைத் தடவித் தேடி எடுத்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள். கடைசி வரை மாறாத அந்த மனுஷன் மீது தம்பியையே துப்ப வைத்துவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்கக் கூட இனி முடியாது.

சீமாட்டி கைகளைத் தூக்கினாள். இசபோ உள்ளங்கியை மாட்டி, கழுத்து நாடாவைக் கட்டினாள். பெரெனிஸ் இதையெல்லாம் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் வருவார் அம்மணி. ஒத்துக்கிட்டார்," என்றாள் இசபோ. "ஒரே ஒரு விண்ணப்பம். கிணத்தடியில கிடக்கிறவங்களை இன்னைக்கே எடுத்து அடக்கம் பண்ணச் சொல்லுங்க."

சீமாட்டி பெரெனிஸைப் பார்த்தாள்.

"முடியாது," என்றாள் பெரெனிஸ். "எவனும் கை வைக்கக் கூடாதுன்னு ராஜா உத்தரவாம். ஜனங்க பாக்கணுமாம்."

இசபோவின் விரல்கள் நாடாவிலேயே நின்றுவிட்டன. சன்னலுக்கு வெளியே வாசல் தெரிந்தது, வாசலுக்கு எதிரே கிணறு, கிணற்றுக்கு அந்தப் பக்கம் கோயில். அந்தக் கிணற்றைத் தாண்டித்தான் நாளைக்கு ஒலிவியே கோயிலுக்குப் போக வேண்டும்.