வெர்லீனின் பெயர்

பாட்டுக் குழுவின் நான்கு பேருக்கும் ஒரே மைக். அதனால் மூன்று மாதமாக முகம் கொடுத்துப் பேசாத வார்டெலும் எஸெலும் தினமும் கன்னத்தோடு கன்னம் உரசி நின்று காதல் பாட்டுப் பாட வேண்டியிருந்தது. பாட்டு வார்டெல் எழுதியது. சிகாகோவுக்கு வந்த புதிதில், இறைச்சிக் கூடத்து வேலை முடிந்து, கையில் இரத்த வாடை போகும் முன்பே வெர்லீனுக்காக எழுதினான். அந்த வெர்லீனைத்தான் எஸெல் கல்யாணம் செய்துகொண்டான். பாட்டோ எல்லா ரேடியோவிலும் ஓடிக்கொண்டிருந்தது.

மதியக் காட்சிக்கு முன் டை கட்டிக்கொண்டே வார்டெல் சுவரைப் பார்த்துச் சொன்னான்: “இன்னிக்கு அவ பேரை நான் சொல்லப் போறதில்ல.”

“அவ பேரை வெச்சுத்தான்டா உனக்கு இந்தக் கோட்டே கிடைச்சுது,” என்றான் எஸெல். “மூணாவது வரிசைல உக்காந்திருக்கா. ஒழுங்காப் பாடு.”

அடிக்குரல் பாடும் ஹோசியா நடுவில் புகுந்தான். “வாயை மூடுங்கடா ரெண்டு பேரும். மேடைல சிரிச்சுத் தொலைங்க.”

சிரித்தார்கள். பெயர் வரும் இடத்தில் மற்ற மூவரின் குரலும் தணிந்தது. வார்டெல் உதட்டை இறுக்கிக்கொண்டு அவளையே பார்த்தான். எண்ணூறு பேர் முன்னால் அவள் பெயரே இல்லாதவளாக வேண்டும், அவ்வளவுதான். எஸெலின் முழங்கை விலாவில் குத்தியது. அவன் அசையவில்லை.

“ஐயோ, தொண்டை அடைச்சுப் போச்சே எம் புள்ளைக்கு! சொல்லிடு ராசா!” மாடியிலிருந்து ஒருத்தி கத்தினாள். அடுத்த கணம் அரங்கமே “வெர்லீன்” என்று பாடியது. பெண்கள் தேம்பினார்கள். மூன்றாம் வரிசையில் ஒருத்தி மட்டும் எழுந்து வெளியேறினாள்.

திரை விழுந்ததும் மேலாளர் ஓடிவந்து வார்டெலைக் கட்டிக்கொண்டார். “இனிமே எல்லா ஷோலயும் இதே இடத்துல நிறுத்து!”

பின்வாசலில் வெர்லீன் நின்றிருந்தாள். கையைப் பிடிக்க வந்த எஸெலை உதறினாள். “பேசாதே. நீயும்தானே பக்கத்துல நின்னு ராகம் இழுத்தே.” பிறகு வார்டெலிடம் திரும்பினாள். “பாட்டை நீயே வெச்சுக்கோ. என் பேரை எனக்குக் குடு.”

“அது இப்ப என்கிட்ட இல்ல.” குத்தலாகச் சொல்லத்தான் நினைத்தான், கெஞ்சலாக வந்தது.

அவள் தெருவில் இறங்கினாள். அடுத்த காட்சிக்கான வரிசை தெருமுனைவரை வளைந்து நின்றது. விரல் சொடுக்கிப் பாடிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே புகுந்து வழி தேடினாள். ஒருத்தி அவள் தோளைப் பிடித்துத் தள்ளி, “வரிசைல வாங்கக்கா,” என்று அதட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அந்தப் பெயரைப் பாடினாள்.