அடியில் கிடந்த கல்

என் வீட்டுக்காரர் தாவீதுக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. கல்யாணமான மறுவாரமே அதைக் கண்டுகொண்டேன். மாமியார் வழியில் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புறப்பட்டு நிற்கும்போது யாரோ வந்து இரண்டு மூட்டை தவிட்டைப் படப்பை ஊரில் இறக்கிவிட வேண்டும் என்றார். உடனே சரி என்றவர், புதுப் பெண்டாட்டியைப் பட்டுச்சேலையோடு தவிட்டு மூட்டை மேல் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனார். முன் சீட்டில் மூட்டைக்காரர்!

அவரிடம் இருந்தது ஒரு பழைய டெம்போ. ஒரு டன்தான் ஏற்றலாம் என்று அதன் கதவிலேயே எழுதியிருக்கும். அந்த எழுத்தை எங்கள் பக்கத்தில் ஒருத்தராவது படித்ததாக எனக்குத் தெரியாது. தொண்ணூற்றொன்றாம் வருஷம் அது. எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்தைச் சுற்றிக் கம்பெனி வரப்போகிறது, வரப்போகிறது என்று ஒரே பேச்சு. நிலம் வாங்கினவன் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்தான். நிலம் விற்றவன் அந்தப் பணத்தில் வாடகைக்கு விட ரூம் கட்டினான். லாரி பேச வசதியில்லாத எல்லோரும் தாவீதைப் பிடித்தார்கள். "ஒரு மூட்டைதானே தாவீது" என்பார்கள். அந்த ஒரு மூட்டைகள் சேர்ந்து சேர்ந்து, பின்பக்க ஸ்பிரிங் பட்டை நிமிர்ந்து, டயர் மட்கார்டில் உரசும். முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஸ்டியரிங் பஞ்சுபோல ஆகிவிடும். வீட்டுக்கு வந்து தோளைப் பிடித்துவிடச் சொல்வார். பிடித்துவிடுவேன், திட்டிக்கொண்டே.

எங்களுக்கு ஒரே பெண், சலோமி. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அப்பாவோடு முன் சீட்டில்தான் இருப்பாள். குன்றத்தூரிலிருந்து ஒரகடம் வரை டீக்கடைக்காரர்களுக்கெல்லாம் அவளைத் தெரியும். அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், ஆறு வயதில், மூளைக்காய்ச்சல் வந்து போய்விட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவர்தான் அதே டெம்போவில் கொண்டுவந்தார். அன்றைக்கு வழியில் கை காட்டின ஒருத்தருக்கும் அவர் வண்டியை நிறுத்தவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு அவள் பேரை அவர் வாயில் எடுக்கவே இல்லை. நான் அழ ஆரம்பித்தால் எழுந்து போய் வண்டியைக் கழுவுவார். கழுவின வண்டியையே மறுபடி கழுவுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்றவள் நான் ஒருத்திதானா? என்னோடு உட்கார்ந்து அழ ஒரு ஆள் வேண்டாமா? கல்நெஞ்சுக்காரன் என்று நேராகவே சொல்லியிருக்கிறேன்.

எங்கள் கல்லறைத் தோட்டம் ஏரியை ஒட்டின தாழ்வான இடம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் மண்மேடுகள் கரைய ஆரம்பித்தன. ஒருநாள் போய்ப் பார்க்கிறேன், வரிசையாக இருந்த மூன்று மேடும் ஒரே சேறாகக் கிடக்கிறது. என் பிள்ளை எது என்று தெரியவில்லை. தலைமாட்டில் நான் பதித்து வைத்திருந்த செங்கல்லைச் சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவிக் கண்டுபிடித்தேன். இன்னும் இரண்டு மழை பெய்தால் அதுவும் போய்விடும். பெற்ற பிள்ளை எங்கே கிடக்கிறாள் என்றே தெரியாமல் போய்விடும் என்ற பயத்தில் சோறு இறங்கவில்லை. அவள் பேர் செதுக்கின கல் ஒன்று குன்றத்தூர்ப் பட்டறையில் தயாராகிக்கொண்டிருந்தது. அது கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள்தான் முடிந்தது.

அன்று காலையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"இன்னிக்கு ஒரு நாளு வேற எதையும் ஏத்தாதயா. கல்ல மட்டும் எட்த்துகினு வா. உனக்குப் புண்ணியமாப் போவும்."

"சரி" என்றார்.

மண்ணாங்கட்டி என்ற கொத்தனாரை அழைத்துக்கொண்டு நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். நல்ல மனுஷர். சேற்றை அள்ளிப் போட்டு, செங்கல் அடுக்கி, கல்லை வைக்கிறதுதான் பாக்கி என்கிற அளவுக்கு வேலையை முடித்துவிட்டார். கலவைமேல் சாக்கைப் போட்டு மூடி வைத்து இரண்டு பேரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். உச்சிப்பொழுது தாண்டியது. மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. அப்போது சைக்கிளில் வந்த ஒருத்தர் இறங்காமலேயே சொன்னார்:

"உங்க டெம்போ கால்வா பாலத்தாண்ட சாஞ்சிகினு கீது. சீக்கிரம் போங்க."

ஓடினேன். மண்ணாங்கட்டியும் பின்னாலேயே ஓடிவந்தார்.

நடந்தது இது. பிறகு ஒவ்வொருவராகச் சொல்லித் தெரிந்துகொண்டேன். அவர் பட்டறையில் வண்டியின் பலகைமேல் வைக்கோல் பரப்பி, கல்லைப் படுக்கவைத்து, மேலே தார்ப்பாயைப் போட்டு ஓரமெல்லாம் செருகியிருக்கிறார். அங்கே வேலிக்குக் கல்தூண் வாங்க வந்திருந்த வெங்கடேசன் என்ற காண்டிராக்டர் பார்த்துவிட்டார்.

"காலியாத்தானே போறே? பத்து தூணு கீது. நம்ம சைட்டு உன் வழிதான்."

"இல்லண்ணே, கீழ ஒரு கல்லு கீது" என்றாராம் இவர்.

"கல்லுமேல கல்லு வெச்சா இன்னாய்யா ஆயிடப் போவுது?"

இவர் வாயைத் திறந்து மூடியிருக்கிறார். அதற்குள் ஆட்கள் தூணைத் தூக்கிவிட்டார்கள். குன்றத்தூர் கடைவீதியில் எல்லப்பன். பிள்ளைப்பாக்கத்தில் ரூம் கட்டுகிறவர். மழை வருவதற்குள் சிமெண்ட் போய்ச் சேர வேண்டும் என்று பதினைந்து மூட்டையை ஏற்றிவிட்டு அவரும் முன்னால் ஏறிக்கொண்டார். மணிமங்கலத்தில் கிளியம்மாள் என்ற அம்மாள், ஒரு மூட்டை அரிசியோடு கை காட்டியிருக்கிறார். முன்னால் இடமில்லை. சிமெண்ட் மூட்டைமேல் அரிசி மூட்டை, அரிசி மூட்டைமேல் கிளியம்மாள்.

அந்த டெம்போ எத்தனைதான் தாங்கும்? பாலத்துக்கு முன்னால் மழை அரித்த பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கியதும் ஸ்பிரிங் பட்டை முறிந்தது. வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது கிளியம்மாளைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அடியில்லை. எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. வண்டி மேலிருந்த தூணையும் மூட்டையையும் பார்த்தேன்.

"கல்லு எங்கயா?" என்று கத்தினேன். "கல்லு எங்க?"

அவர் தூண்களுக்கு அடியில் பார்த்தார்.

எல்லாவற்றையும் இறக்கச் சொன்னேன். எல்லப்பன் முனகினார், தூறல் விழுகிறது, மூட்டை நனையும் என்று. நனையட்டும் என்றேன். நான் நின்ற நிலையைப் பார்த்து அவரே முதல் மூட்டையைத் தோளில் வாங்கினார். தூண்களை உருட்டித் தள்ளினார்கள். தார்ப்பாயை நானே இழுத்தேன். கல் இரண்டாக உடைந்திருந்தது. உடைப்பு சலோமி பேருக்கு நடுவிலேயே ஓடியிருந்தது.

அவரை அடித்தேன். நடுச்சாலையில், நாலு பேர் பார்க்க, நெஞ்சிலேயே அடித்தேன். "ஒரு நாளு. ஒரே ஒரு நாளு. முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்ல உனக்கு வாயி இல்லயா?" அவர் நகராமல் வாங்கிக்கொண்டார்.

கிளியம்மாள்தான் நடுவில் வந்து என் கையைப் பிடித்தார். பாவம், அந்த அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கல்லுக்காகப் புருஷனை இப்படிப் போட்டு அடிக்கிறாளே என்றுதான் நினைத்திருப்பார்.

"வுடும்மா, கல்லு போனா வேற கல்லு. நீதான் சலோமிக்கு அம்மாவா? பாப்பாவ இட்டாரலியா?"

எனக்குப் புரியவில்லை. அந்த அம்மாள் இடுப்பில் செருகியிருந்த துணிப்பையை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே கொய்யாப்பழம்.

"ரெண்டாங்கிளாசு போறாளாமே. நேத்து கேட்டப்போ, பாப்பாக்கு பல்லு வுழுந்துடுச்சு, காய கடிக்க முடில யக்கான்னாரு. அதான் நல்லா கனிஞ்சதா பாத்து பறிச்சாந்தேன். குடு, சாப்புடட்டும்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லப்பன், நனையாமல் ஓரம் சேர்க்க எடுத்த மூட்டையைத் தோளில் வைத்தபடியே நின்றுவிட்டார். எல்லப்பன் எங்கள் ஊர்க்காரர், அடக்கத்துக்கு வந்தவர்.

"இன்னாப்பா?" என்றார் கிளியம்மாள். எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார்.

"யக்கா" என்றார் தாவீது. செருமி, மறுபடி சொன்னார். "யக்கா, பாப்பா இல்ல. போன வருசமே செத்துட்டா. இந்தக் கல்லு அவளுக்குத்தான் எட்த்துகினு வந்தேன்."

கிளியம்மாள் வண்டியைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். அப்புறம் அப்படியே சேற்றில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டார். "ஐயோ, புள்ள மேலயா நானு குந்திகினு வந்தேன்! சொல்லக் கூடாதா பாவி, நடந்தே வந்திருப்பனே!"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவருக்கு இன்றைக்கு வராமல் போன வார்த்தை 'முடியாது' இல்லை. வெங்கடேசனிடம் அதைச் சொல்ல வேண்டுமானால் அடியில் கிடப்பது என்ன கல் என்று சொல்ல வேண்டும். எல்லப்பனிடமும் அந்தக் கல்லைத் தன் வாயால் கல்லறைக் கல் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்வதைவிடப் பத்துத் தூண் ஏற்றிக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. நான் வீட்டில் அழுதுகொண்டிருந்த நாளெல்லாம், என் பிள்ளை மணிமங்கலத்துப் பக்கம் உயிரோடு இருந்திருக்கிறாள். முதல் வகுப்பு முடித்து இரண்டாம் வகுப்புக்குப் போயிருக்கிறாள். அவளைக் கேட்கிறவர்கள் இருந்திருக்கிறார்கள், பழம் பறித்துத் தருகிறவர்கள் இருந்திருக்கிறார்கள். அன்று அந்தப் பாலத்தருகே அங்கேயும் செத்துப்போனாள். அப்படிப்பட்டவரை நான் அடித்திருக்கிறேன்.

மழை வலுக்குமுன் எல்லப்பனும் மண்ணாங்கட்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உடைந்த துண்டுகளைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கி வந்தார்கள். தன் சிமெண்டிலேயே ஒரு மூட்டையைப் பிரித்துக் கொடுத்தார் எல்லப்பன். துண்டுகளை நெருக்கி வைத்துக் கலவை பூசினார் மண்ணாங்கட்டி. பேரைப் படிக்க முடிந்தது. கோடு மட்டும் தெரிந்தது. தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு கலவை இறுகும்வரை நானும் அவரும் மழையில் நின்றோம். மற்றவர்கள் போய்விட்டார்கள். கிளியம்மாள் கொடுத்த பை என் கையிலேயே இருந்தது.

அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான் எனக்கு இருந்தது. மன்னிப்பு அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

"எந்தப் பல்லுயா?"

நிமிர்ந்து பார்த்தார். நான் கோபமாகக் கேட்கவில்லை என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"மேல. முன்னாடி பல்லு" என்றார். "ஒரு வாரமா ஆடிகினே இருந்துச்சு. வண்டியிலதான் வுழுந்துச்சு."

"அழுதாளா?"

"இல்ல" என்றவர் என் தோளில் சாய்ந்து, அவள் போனதிலிருந்து அன்றைக்குத்தான் முதல்தடவையாக, வாய்விட்டு அழுதார்.