பேஸ் வாசிக்க ஒரு ஆள்

அம்மாவை நிமிர்த்தி உட்காரவைக்க மகளும் டிரம்மரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டார்கள். முதுகுக்குத் தலையணை வைத்ததும் அம்மா வாசலைப் பார்த்தாள்.

"எங்க அந்தப் பொண்ணு? உள்ள வரச் சொல்லு."

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண் பேஸ் கிட்டாரோடு தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள்.

அம்மாவின் இடத்துக்கு வேறொருத்தி வருவது மகளுக்குப் பிடிக்கவே இல்லை. பேண்ட் ஆரம்பித்த புதிதில் பேஸ் வாசிக்க வந்த ஒருத்தரும் நிலைக்கவில்லை. ஒருநாள் கார் ஷெட்டில் இவளும் டிரம்மரும் அதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, பேருந்து ஓட்டிவிட்டு வந்த அம்மா சீருடையோடு எட்டிப் பார்த்தாள். "ஆள் தேடி அலையாதீங்க. அந்தக் கிட்டாரை இங்க குடு." ஐம்பது வயதில் விரல் கொப்பளிக்கக் கற்றுக்கொண்டாள். எந்தக் கம்பெனியும் சீண்டாத முதல் ஆல்பத்தை, சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டு அதே ஷெட்டில் பதிவு செய்தார்கள். காப்பிக்கடை மூலைகளில் வாசித்தவர்களுக்கு இப்போதுதான் ஒரு பெரிய அரங்கம் கிடைத்திருக்கிறது. வருகிற சனிக்கிழமை.

"அரங்கத்துக்காரங்ககிட்ட வேணாம்னு சொல்லிடறேம்மா," என்று காலையில்கூடக் கெஞ்சிப் பார்த்தாள்.

"நான் போனா பேண்டும் போயிடுமா? அப்ப அது பேண்டே இல்ல. அம்மாவும் பொண்ணும் வெளாடுன வெளாட்டு."

அந்தப் பெண் வாசித்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"என்னவிட நல்லா வாசிக்கறா."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்னடி மூஞ்சத் தூக்கி வெச்சுக்கற? எனக்கே பொறாமை இல்ல."

டிரம்மர் சிரித்துவிட்டான். அம்மாவும் சிரித்தாள், இருமல் வரும்வரை.

மதியம் மகள் சூப்பை ஆற்றிக் கொண்டுவந்தபோது அம்மா தூங்குவதுபோலத்தான் இருந்தாள். மகள் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் யாரையும் கூப்பிடவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது பெரியம்மா கேட்டாள். "சனிக்கிழமை வாசிக்கப் போறியாமே? நாலு பேரு என்னடி சொல்லுவாங்க?"

"டிக்கெட் வாங்கிட்டு வந்து சொல்லட்டும் பெரியம்மா."

பெரியம்மா மூக்கைச் சிந்தினாள். "அப்படியே அவ வாய்."

சனிக்கிழமை அரங்கத்தில் ஒயர்களைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்த ஒலிப்பொறியாளர், "எத்தனை பேருங்க?" என்றார்.

"மூணு பேரு," என்றாள் மகள்.

மருந்துக்கடைப் பெண் எங்கே நிற்பதென்று தெரியாமல் திரைச்சீலை ஓரமாகவே நின்றுகொண்டிருந்தாள். மகள் தன் மைக்கைத் தூக்கி ஓரடி தள்ளி வைத்தாள். டிரம்முக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் உண்டாயிற்று.