எங்கள் லாரி இறக்கத்தில் ஓடாது

எங்கள் லாரி மலை ஏறும், இறங்காது. அதற்கு வயதாகிவிட்டது. அதனால் மரம் ஏற்றி முடித்ததும் நாங்கள்தான் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வத்தலக்குண்டு மில்லுக்கு இறங்குவோம். தாண்டிக்குடிப் பக்கம் மரம் வெட்டுகிற ஆட்கள் எல்லோரிடமும் பழைய லாரிகள்தான் இருந்தன. எல்லோரும் இப்படித்தான் இறங்கினார்கள்.

லாரியைக் குறை சொல்ல முடியாது. ஒரு கதவைக் கயிற்றால் கட்டியிருந்தோம். முகப்பில் பழைய முதலாளிகளின் பெயர்கள் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். காலையில் வெறும் வண்டியாக ஏறுவதற்குள்ளேயே அதற்கு மூச்சு இளைத்துவிடும். சாயங்காலம் சில்வர் ஓக் கட்டைகளை ஏற்றி, சாக்கைச் சுருட்டித் தோளில் வைத்து நாங்கள் தூக்கியதும் தூங்கிவிடும். குலுங்காமல் கொண்டுபோக வேண்டும். வழியில் முழித்துக்கொண்டால் மறுநாள் ஏறாது.

டிரைவர் ஜெயபால் அண்ணன் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். அவர் ஒடிக்கிற பக்கம் நாங்கள் திரும்புவோம். பிரேக் பிடித்தால் நிற்போம். கொண்டை ஊசி வளைவுகளில் ஹாரனைத் தொட மாட்டார். தலையை வெளியே நீட்டி, "பாம்… பாம்…" என்று வாயால் மெதுவாகச் சொல்வார்.

ஐப்பசி மழை விட்ட ஒரு நாள், எனக்கு முன்னால் தூக்கிக்கொண்டிருந்த சவரிமுத்து பாதி திரும்பி என்னைப் பார்த்தான்.

"தவசி, என்னால முடியலப்பா."

லாரியைச் சரிவில் இறக்கி வைக்கக் கூடாது. சவரிமுத்துவை ரோட்டோரம் விட்டுவிட்டும் போக முடியாது, காட்டுமாடுகள் இறங்குகிற இடம் அது. "மேல ஏறிக்க மச்சான்" என்றேன். அவன் என் தோளில் கால் வைத்து ஏறி, கட்டைகளின்மேல் படுத்துக்கொண்டான். மறுநாளும் முடியவில்லை என்றான். முதலாளி காதர் ராவுத்தரிடம் கேட்டோம்.

"முடியாதவங்க உக்காந்து வரட்டும். அதுக்குத்தானே லாரி" என்றார்.

அது நியாயமாகப் பட்டது. அடுத்த வாரம் பெரியநாயகத்துக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, அவரும் ஏறினார். அவருடைய தம்பிக்கு அண்ணனை விட்டுப் பிரிந்து நடக்க மனசில்லை. மற்றவர்கள் காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அவர்கள் முகமே சொல்லியது. கார்த்திகை பிறந்தபோது நான் ஒருவன்தான் கீழே இருந்தேன்.

பாரம் கூடியிருக்கும் என்று நினைப்பீர்கள். கூடவில்லை. எல்லோரும் சேர்ந்து தூக்கியபோது என் தோளில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் இருந்தது. அதாவது, அப்போதும் நாங்கள் ஒவ்வொருவரும் முழு லாரியைத்தான் தூக்கிக்கொண்டிருந்தோம். இதை அவர்களிடம் சொல்ல நினைத்தேன். எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் வலது கை சோற்றை வாய்வரை தூக்காது. என் மனைவி பவுனு ஊட்டிவிடுவாள். பிறகு தோளில் தைலம் தேய்ப்பாள். ஒருநாள் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டாள்.

"நாளைக்கு நீங்களும் ஏறி உக்காந்துருங்க."

"நான் ஏறிட்டா தூக்குறது யாரு?"

"அதை ஏறி உக்காந்துட்டு யோசிங்க."

அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் சரி என்றேன்.

மறுநாள் பாதி மலை இறங்கியபின் மேலே பார்த்துச் சொன்னேன்.

"அண்ணே, நானும் உள்ள வந்துரலாம்னு இருக்கேன்."

ஜெயபால் அண்ணனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். உள்ளே ஆட்களை நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"காலை மடக்கிக்கிட்டா ஒரு ஆளுக்கு எடம் இருக்கு தவசி. சவரிமுத்து பக்கத்துல. ஏறிக்க."

ஆனால் ஏறுவதற்கு லாரியைக் கீழே வைக்க வேண்டும், அதற்குச் சமதரை வேண்டும். "மில்லுக்குப் போய் ஏறிக்கிறேண்ணே" என்றேன். சவரிமுத்துவின் பக்கத்தில் காலை மடக்கிப் படுப்பதை நினைத்துக்கொண்டே நடந்தேன். அப்படி நினைக்க நினைக்கக் கால்கள் தாமாகவே நடந்தன.

அடுத்த வளைவில் திரும்பியபோது, கீழேயிருந்து மில் ஏறி வந்துகொண்டிருந்தது.

தகரக் கூரை, வட்ட ரம்பம், கல்லாப்பெட்டி, வாசலில் நிற்கிற வேப்பமரம் எல்லாவற்றையும் ஒரு அம்மா தோளில் தூக்கி வந்தார். அவர் நடந்த வழியெல்லாம் மரத்தூள் கொட்டியிருந்தது. என்னைக் கண்டதும் நின்றார்.

"மெதுவா பேசுங்க. உள்ள எல்லாரும் தூங்குறாங்க."

"எது வரைக்கும் போறீங்க?"

"மேல வரைக்கும். மரம் இருக்கிற எடத்துக்கே போயிரலாம்னு சொன்னாங்க."

"தூக்குறதுக்கு வேற ஆள் இல்லையா?"

"இருந்தாங்க" என்றார்.

ரோட்டில் ஒரு வண்டிக்குத்தான் இடம் இருந்தது. மலையில், ஏறி வருகிறவருக்குத்தான் வழி விட வேண்டும். அந்த அம்மா அதைச் சொல்லிக் காட்டவில்லை. புறங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மேலே ஜெயபால் அண்ணன் ரிவர்ஸ் கியர் போடுகிற சத்தம் கேட்டது. நான் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தேன். பின்னால் திரும்பிப் பார்க்க எனக்கு வழியில்லை. என் முகத்தைப் பார்த்தபடி ஏறி வந்த அந்த அம்மாதான் தாழ்ந்த குரலில் வழி சொன்னார்.

"போலாம்… போலாம்… கொஞ்சம் லெப்ட்ல ஒடிங்க… போலாம்…"