மூக்கில் வைக்காத ஈயம்

என் தொழில் பல் கட்டுவது. பிடுங்குகிறவர் டாக்டர், பிடுங்கிய இடத்துக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கிறவன் நான். கும்பிடு அவருக்கு, 'கடிக்கவே முடியல' என்ற திட்டு எனக்கு. எனக்குப் 'பல்லு மாமா' என்று பெயர் வைத்தவன் என் மனைவியின் தம்பி. வீட்டில் அவனை எல்லோரும் சின்னவன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

சின்னவன் சாப்பிட உட்கார்ந்தால் நாற்காலியின் முன்கால்கள் தரையில் இருக்காது. பின்னால் சாய்ந்து, ஆடிக்கொண்டேதான் சாப்பிடுவான். "ஆட்டாதடா, விழுவ" என்று அவன் அம்மா, என் அத்தை, சொல்லாத வேளை கிடையாது. அந்த நாற்காலியின் பின்கால்கள் சாய்வாகத் தேய்ந்தே போயின.

பிறகு போர் வந்தது. அவன் விமானம் ஓட்டப் போனான். மேகத்துக்கு மேலே கம்பீரமாகப் போகிற ரகம் இல்லை. மரக்கிளையை உரசுகிற மாதிரித் தாழப் பறந்து, தரையில் ஊர்கிற டாங்கிகளைச் சுடுகிற ரகம். ஒருநாள் போனவன் திரும்பவில்லை. விமானமும் கிடைக்கவில்லை, அவனும் கிடைக்கவில்லை. போர் முடிந்தது. அத்தைக்கு முடியவில்லை.

அன்றிலிருந்து வாசற்கதவைச் சாத்த அத்தை விடவில்லை. கதவுக்கு நேராகப் பிரம்பு நாற்காலியைப் போட்டு, அதிலேயே இருந்தார், தூக்கமும் அதிலேயே. மழைச்சாரல் உள்ளே வந்தது, பூனை வந்தது. ஒரு திருடன்கூட வந்தான். அத்தை விழித்திருப்பதைப் பார்த்துவிட்டு, வழி கேட்பது போல் நடித்துவிட்டுப் போனான். கேட்ட வழியைப் பொறுமையாகச் சொல்லியும் அனுப்பினார் அத்தை.

கால்கள் தூண் மாதிரி வீங்கின. படுத்துத் தூங்காவிட்டால் காலோடு ஆளும் போய்விடும் என்றார் டாக்டர். மனைவி அழுதாள்.

"நீங்க சொல்லுங்க. மாப்பிள்ளை சொன்னா கேப்பாங்க."

"நான் சொல்லி யாரு கேட்டா? பொய்ப்பல்லே நான் வச்ச இடத்துல நிக்க மாட்டேங்குது."

இருந்தாலும் போய்ச் சொன்னேன்.

"படுத்தா நீங்க கதவைச் சாத்திடுவீங்க," என்றார் அத்தை. "அவன் வந்து தட்டுனா யாருக்குக் கேக்கும்?" கொஞ்ச நேரம் தெருவையே பார்த்தார். "அவன் எதுல போனான்னுகூட நான் பாத்ததில்ல மாப்பிள்ளை. உங்களுக்குத்தான் கைவேலை வருமே. அதை ஒண்ணு செஞ்சு காட்டுங்க. பாத்துட்டு யோசிக்கிறேன்."

அதே விமானத்தின் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்கிற மாடல் பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். என் மேசையில் கடைவாய்ப் பற்களை ஒதுக்கிவிட்டு இறக்கைகளைப் பரப்பினேன். ஈறு தீட்டும் தூரிகையால் விமானத்துக்குப் பச்சையும் பழுப்பும் அடித்தேன். பல் ராவும் அரம் இறக்கையின் ஓரத்துக்கு அளவெடுத்துச் செய்தது போல் இருந்தது. பெட்டியில் குட்டி விமானி பொம்மையும் இருந்தது; தலை மிளகளவு. அதை உட்கார வைக்க மனம் வரவில்லை. இருக்கையைக் காலியாகவே விட்டேன். மேலே வரும் கண்ணாடி மூடியைத் திறந்தபடியும் வைக்கலாம், மூடியும் ஒட்டலாம். திறந்து வைத்தால் உள்ளே ஆளில்லை என்பது அத்தைக்குத் தெரிந்துவிடும். மூடினால் கண்ணாடிப் பளபளப்பில் அவர் கண்ணுக்குப் பிடிபடாது என்று மூடி ஒட்டிவிட்டேன்.

இந்த ரகத்தில் ஒரு சங்கதி உண்டு. முன்சக்கரம் மூக்குக்குக் கீழே. நிஜ விமானத்தில் மூக்கில் பீரங்கியின் கனம் இருக்கும். பிளாஸ்டிக்கிலோ எல்லாம் வெறும் கூடு. அதனால் உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்னால் மூக்குக்குள் ஈயம் வைத்தாக வேண்டும். மறந்தால் விமானம் வாலைத் தரையில் ஊன்றி, மூக்கைத் தூக்கி, சோறு கேட்கிற நாய் மாதிரி உட்கார்ந்துவிடும். தூண்டில் கடையில் ஈயக் குண்டுகள் வாங்கி, மறக்கவே கூடாது என்று கண்ணெதிரே ஒரு டப்பா மூடியில் போட்டு வைத்தேன்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மதியம், விமானத்தை அத்தையின் முன்னால் முக்காலியில் வைத்தேன். சக்கரங்கள் மூன்றும் பதிய, ஜம்மென்று நின்றது. எனக்கே என் மேல் மரியாதை வந்தது. விரல் ரேகை துடைக்கத் துணி எடுக்கலாம் என்று மேசைக்குத் திரும்பினேன்.

டப்பா மூடியில் ஈயக் குண்டுகள் அப்படியே இருந்தன.

முதுகில் யாரோ ஈரத்துணியை வைத்தது போல் இருந்தது. திரும்பி வந்து பார்த்தேன். விமானம் நின்றுகொண்டுதான் இருந்தது. வாலை ஒரு விரலால் அழுத்தினேன். மூக்கு எழுந்தது. விரலை எடுத்தேன். 'டொக்' என்று முன்சக்கரம் முக்காலியில் பதிந்தது.

"ஏங்க, மூஞ்சி ஏன் வெளுத்துப் போச்சு?" என்றாள் மனைவி.

"ஈயம் வைக்க மறந்துட்டேன்."

"நல்லாத்தானே நிக்குது?"

"அதான் எனக்குப் பிடிக்கல."

அத்தை குனிந்து, கண்ணாடி மூடியின் அருகே முகத்தைக் கொண்டுபோனார். "உள்ள பனி பூத்திருக்கு பாருங்க."

சில பசைகளின் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். நான் அந்தப் பசையைத் தொடவில்லை. அதுவும் போக, படிந்த பசை படிந்தபடி இருக்கும். இது கொஞ்சம் படர்ந்தது, கொஞ்சம் சுருங்கியது, மறுபடி படர்ந்தது. தூங்குகிற பிள்ளையின் வாயருகே கண்ணாடி பிடித்த மாதிரி.

"மூச்சு முட்ட உக்காந்திருக்கான்," என்றார் அத்தை. "இப்படி அடைச்சு வச்சா எப்படி இறங்குவான்? தொறங்க மாப்பிள்ளை."

"அத்தை, அது வந்து... ஒட்டியாச்சு. உள்ள வெறும் சீட்டுதான் இருக்கு."

"தொறங்க."

மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். காலி இருக்கையைப் பார்த்தால் அத்தை உடைந்துபோவார். பார்க்காவிட்டால் அந்தப் பிரம்பு நாற்காலியிலேயே கரைந்துபோவார். கத்தியை எடுத்து வந்தேன். ஒட்டின விளிம்பில் மெல்லக் கீறினேன். மூடி கழன்றபோது உள்ளிருந்து இளஞ்சூடாகக் காற்று என் கட்டைவிரலில் பட்டது.

இருக்கை காலி.

அத்தையின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் முக்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அதைப் பார்க்க நேர்ந்தது. விமானத்தின் மூக்கு அவசரமில்லாமல் எழுந்தது. வால் இறங்கியது. 'டக்'. யாரும் தொடவில்லை. முக்காலியும் அசையவில்லை. ஈயம் வைக்காத விமானம் எப்படி உட்கார வேண்டுமோ அப்படி உட்கார்ந்தது.

எங்கள் முதுகுக்குப் பின்னால், சாப்பாட்டு மேசைப் பக்கம், மரம் கிறீச்சிட்டது. நின்றது. மறுபடி கிறீச்சிட்டது. தேய்ந்த பின்கால்களில் ஒரு நாற்காலி சாய்ந்து ஆடுகிற சத்தம் எனக்குத் தெரியும். மனைவியின் நகங்கள் என் கையில் இறங்கின.

அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆட்டாதடா, விழுவ."

'டொக்' என்று முன்கால்கள் தரையில் பதிந்தன.

அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "நான் போய்ப் படுக்கறேன். மாப்பிள்ளை, கதவைச் சாத்துங்க. சாரல் அடிக்குது. எல்லாரும் உள்ள வந்தாச்சு."

தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. எங்கே நுழைய வேண்டும் என்பதே அதற்கு மறந்துபோயிருந்தது. தோளால் கதவை நெட்டித் தள்ளித்தான் போட்டேன். அறைக்குள்ளிருந்து அத்தையின் குறட்டை கேட்க ஆரம்பித்த பிறகும், கதவைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தேன். தைரியசாலி என்று என்னை யாரும் சொன்னதில்லை. அன்றும் அந்தப் பெயரை வாங்க எனக்கு ஆசையில்லை.

"சாப்பிடு சின்னவா," என்றேன், கதவைப் பார்த்தே.